மேற்படி டயர்கள் விஷயமாக மாப்பிள்ளைக்கு

தென்காசியிலிருந்து ஓய்வுபெற்ற தலைமைக் காவலர் இசக்கிமணி, லடாக் எல்லையில் பணியிலிருக்கும் மாப்பிள்ளை ஹவில்தார் பால்வண்ணநாதன் அவர்களுக்கு எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் மனைவி சங்கரேஸ்வரியும் நலம். டயர்கள் நலமில்லை. போனில் சொல்லலாம் என்றால் தங்களுக்கு டவர் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நான் விஷயத்துக்கு வருவதற்குள் கட்டாகிவிடுகிறது. இருபத்தாறு வருஷம் ஸ்டேஷன் ரைட்டராக இருந்தவனுக்கு எழுதினால்தான் எதுவும் ஒழுங்காக வரும்.

தாங்கள் ஓய்வுபெற்று வந்ததும் குற்றாலத்தில் பஜ்ஜிக் கடை போடுவதற்காக, நம் வீட்டு ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்கும்படி இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்று செய்து, அடுப்பு, பலகை எல்லாம் பொருத்தி, "நான் வருகிறவரை இதை நகர்த்தக் கூடாது, டயர் கெட்டுப்போகும்" என்று என் பொறுப்பில் விட்டுச் சென்று இரண்டு வருஷம் ஆகிறது. ஓர் அங்குலம்கூட நகர்த்தவில்லை. சீசன் இரண்டு போய்விட்டது. சங்கரேஸ்வரி, நானே போடுதேம்ப்பா என்று ஒவ்வொரு சாரலுக்கும் கேட்டாள். மாப்பிள்ளை உத்தரவு இல்லாமல் முடியாது என்று நான்தான் மறுத்தேன். தங்களுக்கோ ஒவ்வொரு வருஷமும் பணி நீட்டிப்பு.

வெயில் பட்டால் டயர் வெடிக்கும் என்று கேள்விப்பட்டு, என் பழைய யூனிஃபார்ம் பேன்ட் இரண்டைப் பிரித்து உறை தைத்துப் போட்டேன். தெருவில் போகிறவர்கள் டயருக்கு சல்யூட் அடித்துவிட்டுப் போனார்கள், அதையும் பொறுத்துக்கொண்டேன். அப்படியிருந்தும் போன மாதம் உறையை எடுத்துப் பார்த்தால் பக்கவாட்டில் முழுக்கக் கீறல் கீறலாக வெடிப்பு. வறட்சிதான் காரணம் என்று முடிவுக்கு வந்து, மெயின் அருவியில் ஆட்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் மாடனை வரவழைத்தேன். ஊர் உலகத்துத் தோலையெல்லாம் பளபளப்பாக்குகிறவன், ரப்பரை விட்டுவிடுவானா என்ன? மாடன் டயருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "இதுக்குக் கழுத்து எங்கன இருக்கு ஏட்டையா?" என்று கேட்டான். விளையாட்டாகக் கேட்கவில்லை, தொழில் சுத்தம் அப்படி. ஒரு சக்கரத்துக்கு அரை மணி நேரம் தேய்த்து, தட்டி, மேற்படி டயர்களைக் கருங்கல் பிள்ளையார் மாதிரி ஆக்கிவிட்டுப் போனான். வாரம் ஒரு முறை வீதம் நான்கு முறை.

நான்காம் முறைக்குப் பிறகு டயர் கொழகொழவென்று உப்பிப் போய், தொட்டால் விரலில் கறுப்பாக ஒட்டியது. டயர் கடை காஜாவை அழைத்துவந்து காட்டினேன். காஜா குனிந்து மோந்து பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ரப்பருக்கு எண்ணெய்தான் முதல் எதிரி என்று பிறகு சொன்னார். டயரின் ஓரத்தில் 2318 என்று இருந்ததை நான் பழக்கதோஷத்தில் குற்ற எண் என்று நினைத்து நோட்டில் ஏற்றி வைத்திருந்தேன். அது பிறந்த தேதியாம்: 2018ஆம் வருஷம், இருபத்து மூன்றாவது வாரம். தாங்கள் வாங்கும்போதே அது கிழடு. மாற்றித்தான் ஆக வேண்டும், கார் டயரைப் போடாமல் டிரெய்லருக்கென்றே பாரம் தாங்கும்படி செய்ததாகப் பார்த்துப் போட வேண்டும், காற்றை ஓடுவதற்கு முன் காலையிலேயே பார்க்க வேண்டும், பாரத்தை ஒரே பக்கம் ஏற்றக் கூடாது, இதெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாக ஒன்று சொன்னார்.

"நிக்குத டயருதான் ஏட்டையா சீக்கிரம் சாவுது. ஓடுத டயரு ஓடிக்கிட்டே கெடக்கும்."

காப்பி கொண்டுவந்த சங்கரேஸ்வரி வாசலிலேயே நின்றுவிட்டாள். காஜா போன பிறகு, "டயருக்கு மட்டுந்தானாப்பா?" என்று கேட்டாள். நான் எத்தனையோ பேரைக் குறுக்கு விசாரணை செய்தவன் மாப்பிள்ளை. காப்பியை வாங்கிக்கொண்டு டயருக்கு உறையை மாட்டப் போய்விட்டேன். அன்றிலிருந்து அவள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

காஜா புது டயர்கள் இரண்டும் மாட்டிக்கொடுத்துவிட்டார். தரையில் அழுந்தாமல் இருக்கச் செங்கல் அடுக்கித் தூக்கி வைத்திருக்கிறேன். இந்த வருஷச் சாரல் ஆரம்பித்து ஐந்து நாள் ஆகிறது. டிரெய்லரை ஓட்டலாமா, நிறுத்தியே வைக்கலாமா என்று தாங்கள் உத்தரவு அனுப்ப வேண்டும். அதுவரை மேற்படி டிரெய்லர் ஓர் அங்குலமும் நகராது என்று உறுதி கூறுகிறேன். நேற்று வீட்டில் பத்து கிலோ கடலைமாவு வந்து இறங்கியது. விசாரித்ததில் வீட்டுச் செலவுக்கு என்றாள். வீட்டில் இருப்பது இரண்டே பேர். தகவலுக்காகப் பதிவு செய்கிறேன்.

குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். காசிவிசுவநாதர் துணையிருப்பார். அனைவருக்கும் என் வணக்கத்தைத் தெரிவிக்கவும், தங்கள் மேஜருக்குச் சற்று அழுத்தமாகவே தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
இசக்கிமணி

பின்குறிப்பு: ஸ்டாம்ப் வாங்கத் தபால் ஆபீசுக்குப் போய்விட்டு வருவதற்குள் ஜீப்பையும் டிரெய்லரையும் காணவில்லை. செங்கல் வரிசையாக அடுக்கியிருந்தது, காக்கி உறைகள் மடித்துக் கொடியில் கிடந்தன. அவளுக்கு ஜீப் ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான்தான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கையும் களவுமாகப் பிடிக்க ஸ்கூட்டரில் விரட்டிப் போனேன். ஐந்தருவிக்குப் போகும் ரோட்டோரம் டிரெய்லர் நின்றது, குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு இருபது பேர் வரிசையில் நின்றார்கள். ஏட்டி, யாரைக் கேட்டு எடுத்துட்டு வந்தே என்றேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் என் கையில் கத்தியைக் கொடுத்தாள்.

"சும்மா நிக்காதீயப்பா. வாழைக்காயைச் சீவுங்க."

சீவினேன். இதை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன், தாளில் உள்ள கறை பஜ்ஜி எண்ணெய், மாடனுடையது அல்ல. மேலே "ஓர் அங்குலமும் நகராது" என்று எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். உத்தரவு அனுப்ப வேண்டாம். லீவு கிடைத்தால் நேரே ஐந்தருவிக்கு வாருங்கள், வீடு பூட்டியிருக்கும்.