நீரடிச் சைகைச் சீர்திருத்தக் குழு

நெருப்பைக் கண்டுபிடித்தவன் பெயர் யாருக்கும் தெரியாது. சக்கரத்தைக் கண்டுபிடித்தவனும் ஊர் பேர் சொல்லாமல் போய்விட்டான். ஆனால் தண்ணீருக்கு அடியில் மரியாதையைக் கண்டுபிடித்தவர்களின் பெயர், பதவி, இனிஷியல் எல்லாம் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. அவர்கள் திருச்சி நீரடிப் பராமரிப்புக் கோட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

அந்தக் கோட்டத்தில் பெரியண்ணனுக்கு முக்குளிக்கிற வேலை. முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கொள்ளிடத்து நீரேற்றுக் கிணறுகளில் இறங்குவார். சல்லடையில் அடைத்துக்கொண்ட வேட்டி, மாலை, பிளாஸ்டிக் பை எல்லாவற்றையும் பிடுங்கி எடுப்பார். கூட இறங்குபவர் கலையரசன். அடியில் வாய் பேச முடியாது என்பதால் டார்ச் வெளிச்சத்தில் கை பேசும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வட்டம் போட்டால் 'சரி'. முஷ்டியை மார்பில் வைத்தால் காற்று குறைகிறது. கழுத்துக்குக் குறுக்கே கையை வீசினால் காற்று தீர்ந்துவிட்டது, உன் சிலிண்டரின் இன்னொரு குழாயை என் வாயில் வை என்று பொருள். போன ஆடியில் கலையரசன் உயிரோடு வீடு திரும்பியது இந்தக் கடைசிச் சைகையால்தான்.

ஒருநாள் செயற்பொறியாளர் பீமராவ் ஆய்வுக்கு வந்தார். கரையில் கலையரசன் சைகை பழகிக்கொண்டிருந்தார். கழுத்துக்குக் குறுக்கே வீசிய கை, துரதிர்ஷ்டவசமாக பீமராவின் திசையில் வீசப்பட்டது.

அன்று மாலையே குழு அமைந்தது. எந்த அதிகாரியின் ஒப்புதலும் இல்லாமல் இருபத்து நான்கு சைகைகள் 'தன்னிச்சையாகப் புழங்கி வருவது' தெரியவந்தது. பெரியண்ணன் 'சிறப்பு அழைப்பாளர்'. சிறப்பு அழைப்பாளருக்கு நாற்காலி கிடையாது.

"மார்பில முஷ்டி வைக்கிறது சண்டைக்குக் கூப்பிடற மாதிரி இருக்கு" என்றார் பீமராவ். நீக்கப்பட்டது.

"கட்டைவிரலை உயர்த்தினா மேலே போறேன்னு அர்த்தமாமே" என்று ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் கண்காணிப்பாளர் யமுனா முகம் சுளித்தார். "அமங்கலமான்னா இருக்கு சார்." அதுவும் நீக்கப்பட்டது.

பட்டியல் கழுத்துச் சைகைக்கு வந்தபோது பெரியண்ணன் வாய் திறந்தார். "சார், அது மட்டும் இருக்கட்டுங்க. அது இல்லாம அடியில ஆள் பொழைக்க முடியாதுங்க."

"காத்து ஏன் தீருது, பெரியண்ணன்?"

"மூச்சு விடறதாலங்க."

பீமராவ் யமுனாவிடம் திரும்பினார். "அளவா மூச்சு விடச் சொல்லி ஒரு சுற்றறிக்கை போட்டுடுங்க."

கடைசியில் குழு தயாரித்த சைகைக் கையேட்டில் மிஞ்சியது ஒரே சைகை, 'சரி'. எளிமைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கையேட்டு வெளியீடு திருவானைக்காவலில் ஒரு தனியார் நீச்சல் குளத்தில் நடந்தது. கையேட்டைப் பீமராவே தண்ணீருக்குள் வெளியிடுவதாக ஏற்பாடு. அதிகாரி மிதந்தால் அழகில்லை என்று இடுப்பில் இரண்டு மடங்கு ஈய எடை கட்டினார்கள். குழாயை வாயில் கவ்வியபடி கரையிலேயே அரை மணி நேரம் புகைப்படத்துக்கு நின்றார்.

"சிலிண்டர்ல காலையிலயே பாதிதாங்க இருந்துச்சு" என்றார் பெரியண்ணன்.

"பாதி போதும். நான் அளவாத்தான் விடறேன்."

பன்னிரண்டு அடி ஆழத்தில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். மேலே நிருபர்கள் குனிந்து பார்த்தார்கள். சற்று நேரத்தில் பீமராவின் கண்கள் பெரிதாயின. அவர் விரலால் வட்டம் போட்டார். கையேட்டின்படி பெரியண்ணனும் வட்டம் போட்டார். பீமராவ் வேகமாக வட்டம் போட்டார். பெரியண்ணன் பதில் வட்டம் போட்டார். பிறகு பீமராவ் இரண்டு கையாலும் வட்டம் போட்டார். அவர் வாயிலிருந்து குமிழி வருவது நின்றுபோயிருந்தது.

பெரியண்ணன் அதற்கு மேல் கையேட்டைப் பார்க்கவில்லை. தன் இன்னொரு குழாயை அவர் வாயில் திணித்தார், ஈயப் பெல்ட்டை அவிழ்த்துவிட்டார், அவரை மேலே தள்ளிக்கொண்டு வந்தார்.

மேலதிகாரியின் இடுப்பில் அனுமதியின்றிக் கைவைத்ததற்கு விளக்கம் கேட்டு மதியமே குறிப்பாணை வந்துவிட்டது. நான்கு மணிக்குக் குழு அவசரமாகக் கூடியது. பீமராவ் இன்னும் இருமிக்கொண்டிருந்தார். யமுனா தீர்மானத்தை வாசித்தார்.

"காற்று தீர்ந்தமைக்கான கழுத்துச் சைகை, உயிர் காக்கும் அதன் முக்கியத்துவம் கருதி, மீண்டும் கையேட்டில் சேர்க்கப்படுகிறது."

பெரியண்ணனுக்குக் கண் கலங்கியது. கையெடுத்துக் கும்பிட்டார். யமுனா பக்கத்தைத் திருப்பினார்.

"இச்சைகையைச் செயற்பொறியாளரும் அதற்கு மேற்பட்ட நிலையில் உள்ளோரும் மட்டுமே பயன்படுத்தலாம்."

கும்பிட்ட கை அப்படியே நின்றது. "அப்ப எங்களுக்குக் காத்து தீர்ந்தாங்க, சார்?"

பீமராவ் மிகுந்த பரிவோடு விரலை வட்டமாக்கிக் காட்டினார். "உங்களுக்குத்தான் 'சரி' இருக்கே, பெரியண்ணன்."

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பெரியண்ணனும் கலையரசனும் கிணற்றில் இறங்கினார்கள். கழுத்துச் சைகைக்கு உரிமையுள்ளவர் ஒருவர்கூட இன்றுவரை அந்தக் கிணற்றில் இறங்கியதில்லை.