டார்ச் அண்ணனும் வெள்ளைப் புள்ளியும்

சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டங்களிலும் டார்ச் அண்ணனின் சந்தேகத்துக்குத் தப்பிய பொருள் என்று எதுவும் கிடையாது. கோயிலில் சாமியைக்கூட தீபாராதனை வெளிச்சத்தில் ஒரு தடவை, தன் பேனா டார்ச் வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் கும்பிடுவார்.

எடப்பாடிக்காரர். ஐம்பதை நெருங்கியவர். இயற்பியலில் முதுகலை. சேலத்துக்கு வெளியே ஒரு லாரிப் பட்டறைக்குப் பின்னால் இருந்த எங்கள் சின்னக் கம்பெனியில் நான் லென்ஸ் வடிவமைப்பவள், அவர் அதைச் சோதித்து ‘சரி’ சொல்பவர். அந்தச் சொல்லை அவர் சுலபமாகச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

டீயில் டார்ச் அடிப்பார். கல்யாணப் பந்தியில் ரசத்தில் அடிப்பார். நாமக்கல்லிலிருந்து வண்டி வண்டியாக முட்டை வரும் கடையில் நின்று, ஒவ்வொரு முட்டையாக டார்ச் மேல் வைத்து உள்ளே எட்டிப் பார்ப்பார். கடைக்காரர் ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னார்: “ஏனுங்க, கோழி வெச்ச முட்டைங்க. நானா வெச்சேன், இப்படிச் சந்தேகப்படறீங்க?”

அண்ணன் முட்டையைக் கீழே வைக்கவில்லை. “கோழியைத்தானுங்க சந்தேகப்படறேன். உங்களுக்கு ஏன் கோவம் வருது?”

இனி எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம். உடம்புக்குள் பார்ப்பதற்கு டாக்டர்கள் எண்டோஸ்கோப் என்ற மெல்லிய குழாயை நுழைக்கிறார்கள். அதன் வெளிமுனைக்கும் கேமராவுக்கும் நடுவில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு ஜூம் லென்ஸ் உட்காரும். வளையத்தைத் திருப்பினால் படம் பெரிதாக வேண்டும், ஆனால் கலங்கக் கூடாது. எடை கூடினால் டாக்டரின் மணிக்கட்டு வலிக்கும். நீளத்தைக் குறைத்தால் படத்தின் ஓரம் மங்கும். இதையெல்லாம் சமாளிக்கக் கண்ணாடிகளைக் கூட்டினால், ஒன்றில் பட்ட ஒளி இன்னொன்றில் தெறித்து, உண்மையில் இல்லாத ஒரு வெள்ளைப் புள்ளியைத் திரையில் காட்டும். எங்கள் தொழிலில் அதற்குப் பேய் என்றே பெயர்.

நான் தனியாக வடிவமைத்த முதல் லென்ஸில் பேய் இருப்பதாக அண்ணன் அறிவித்தார்.

“இடது பக்கம், நடுவுக்குக் கொஞ்சம் தள்ளி. வெள்ளையா நிக்குது பாருங்க சாமி.”

“ஒண்ணும் இல்லையே அண்ணா.”

“இருக்குதுங்க. நீங்க பாக்கறப்ப ஒளிஞ்சுக்குது.”

கறுப்புத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு இரண்டு பேரும் திரையைப் பார்த்தோம். அண்ணன் என் கணினியைச் சந்தேகப்பட்டார், கண்ணாடி அனுப்பியவரைச் சந்தேகப்பட்டார், மின்சார வாரியத்தையும் விடவில்லை. உடம்பின் உள்பக்கம் போல இருக்கட்டும் என்று ஒரு குடைமிளகாயில் துளையிட்டுக் குழாயை விட்டோம். “பேய்! பேய்!” என்று கத்தினார். பக்கத்துப் பட்டறை ஆட்கள் ஸ்பேனரோடு ஓடி வந்தார்கள். மிளகாயை வெட்டிக் காட்டினேன். விதை.

“இந்த விதை மேலயும் எனக்கு நம்பிக்கை இல்லீங்க” என்றார்.

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். லென்ஸ் அலமாரியிலேயே கிடந்தது. அண்ணன் ‘சரி’ சொல்லாமல் அங்கே ஒரு திருகாணிகூட வெளியே போகாது.

அப்போதுதான் அவருடைய குரல் கட்டியது. ஏ.சி. காரணம் என்றார். கேன் தண்ணீர் என்றார். நான் பூசி வரும் தைலத்தின் வாசனையாக இருக்கும் என்றும் சொல்லிப் பார்த்தார். வாரங்கள் போயின. கரகரப்பு போகவில்லை. டாக்டரிடம் போகச் சொன்னால், “எந்த லென்ஸை வெச்சுப் பாப்பாங்களோ? இல்லாத பேயெல்லாம் என்ற தொண்டையில தெரியறதுக்கா?” என்பார். நாங்கள் சிரித்தோம்.

அவர் மனைவி எனக்குப் போன் செய்த பிறகு சிரிப்பு நின்றது.

“அவரோட அப்பாவும் இப்படித்தான் கண்ணு, குரல் கட்டித்தான் மொதல்ல ஆரம்பிச்சுது. தொண்டையிலதான் போனாரு. இவரு பயத்தை வெளிய சொல்ல மாட்டாரு. லென்ஸ் மேல பழியைப் போட்டுட்டு ஊட்டுல உக்காந்துக்கறாரு. நீயாவது கூட்டிட்டுப் போ.”

மறுநாள் அவரிடம் போய் நின்றேன். “அண்ணா, தொண்டை டாக்டர் ஒருத்தங்க என் லென்ஸை நிஜத் தொண்டையில போட்டுப் பாக்கலாம்னு சொல்றாங்க. நீங்க வந்து பேயைக் காட்டிக் குடுக்கணும்.”

“யாரோட தொண்டைங்க?”

“உங்களோடதுதான்.”

டார்ச்சை இரண்டு தடவை அணைத்துப் போட்டார். “தந்திரம் பண்றீங்க சாமி” என்றார். ஆனாலும் வந்தார்.

டாக்டரம்மா என் லென்ஸைப் பொருத்திய குழாயை எடுத்ததும் அண்ணன் அதன் மேல் டார்ச் அடித்துப் பார்த்தார். “நோயாளி யாருங்க, நீங்களா, என்ற குழாயா?” என்று அந்த அம்மா கேட்டுவிட்டு, அவருடைய நாக்கைத் துணியால் பிடித்து இழுத்துக்கொண்டார். அதோடு அண்ணனின் பேச்சு நின்றது.

திரையில் இரண்டு குரல் நாண்கள் தெரிந்தன. இடது பக்க நாணில், நடுவுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு வெள்ளைப் புள்ளி.

பேயா, நிஜமா என்று கண்டுபிடிப்பது சுலபம். குழாயை அசைக்க வேண்டும். லென்ஸின் கோளாறு என்றால் புள்ளி திரையில் ஒரே இடத்தில் நிற்கும். தொண்டையில் இருப்பது என்றால் தொண்டையோடு சேர்ந்து நகரும். பேச முடியாத அண்ணன் திரையைப் பார்த்து விரலை இப்படியும் அப்படியும் ஆட்டினார். டாக்டரம்மா குழாயை அசைத்தார்.

புள்ளி நகர்ந்தது.

“இன்னொரு தடவை அசைச்சுப் பாருங்க டாக்டர். லென்ஸ் கோளாறா இருக்கும்” என்றேன்.

“நீங்கதானேம்மா இதை டிசைன் பண்ணுனது?”

“ஆமாங்க. எனக்கு இது மேல ரொம்ப நாளா சந்தேகம்.”

டாக்டரம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். இன்னொரு தடவை அசைத்தார். வளையத்தைத் திருப்பிப் பெரிதாக்கினார். படம் கொஞ்சமும் கலங்கவில்லை. ஓரம் மங்கவில்லை. அவ்வளவு அழகான படத்தை அந்த லென்ஸ் அதற்கு முன் தந்ததில்லை. அதைக் கீழே போட்டு உடைத்துவிடலாம் போல இருந்தது எனக்கு.

நாக்கை விட்டதும் அண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டார். இருந்த கொஞ்சக் குரலில், “லென்ஸ் சரியா இருக்குதுங்க சாமி” என்றார்.

நான் லென்ஸைக் கழற்றி உறையில் போட்டேன்.

அடுத்த வாரமே புள்ளியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை அலுவலகத்தில் எதன் மேலும் யாரும் டார்ச் அடிக்கவில்லை. டீயை அப்படியே குடித்தோம், ருசிக்கவில்லை. முடிவு வந்தது. புற்று இல்லை. கத்திக் கத்தி வளர்ந்த சின்னச் சதை, அவ்வளவுதான். கொஞ்ச நாள் வாயே திறக்கக் கூடாது என்று உத்தரவு.

பார்க்கப் போனேன். அவர் மனைவி இனிப்பு கொடுத்தார். அண்ணன் டாக்டர் சொன்னபடி பேசாமல் உட்கார்ந்திருந்தார். நான் இனிப்பை முடிப்பதற்குள் அவருடைய செல்போன் என் முகத்துக்கு நேராக வந்தது. தட்டி வைத்திருந்தார்: ‘ஏனுங்க சாமி, லேப்காரன் வேற யாரோட சதையையாவது பாத்திருப்பானோ?’

நான் கைப்பையிலிருந்து இன்னொரு லேப் அறிக்கையை எடுத்துக் கொடுத்தேன். அந்தச் சந்தேகம் எனக்கு அவருக்கு முன்னாலேயே வந்து, டாக்டரம்மாவைக் கெஞ்சி, அதே சதையோடு கோயம்புத்தூர் லேப் வரை போய், அங்கேயும் புற்று இல்லை என்று கேட்டுக்கொண்டு திரும்பியிருந்தது.