பட்டிப்பொலச் சுரங்கமும் இரண்டு பிளாஸ்க்கும்

செத்தாலும் சரி, இந்தப் பயணத்தில் உட்கார்ந்து வைன் குடித்தே தீருவது என்று மாயாண்டி முடிவு செய்தார்.

‘உட்கார்ந்து’ என்பதுதான் முக்கியம். நின்றபடி அவர் நிறையக் குடித்திருக்கிறார். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பத்தெட்டு வருஷம் பங்களா அப்புவாக இருந்தவர். துரைக்குச் சமைத்து, மேசை போட்டு, விருந்தாளிக்கு வைன் ஊற்றுகிற வேலை. கழுவ வருகிற கிளாசின் அடியில் என்ன மிஞ்சுகிறதோ, அதைக் கதவுக்குப் பின்னால் நின்று ஒரே மடக்கு. அதில் ருசி தெரியாது. பயம்தான் தெரியும்.

போன வருஷம் பண்டாரவளையில் இருக்கிற மகள் ஜீவராணி வீட்டுக்கு ரயிலில் போனபோது பக்கத்து ஆசனத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. மடியில் கோழி ரோஸ்ட். கையில் வைன். ஜன்னலில் மலை. அவசரமே இல்லை. மாயாண்டியின் மடியில் ஆட்டா மா ரொட்டி. கையில் வெந்தயத் தண்ணீர். மலை மட்டும் அதே மலை.

அன்றைக்கே தீர்மானம் ஆகிவிட்டது.

சரக்குக்குக் குறைவில்லை. கடைசித் துரை மாற்றலாகிப் போகும்போது கொடுத்த சிவப்பு வைன் போத்தல் ஒன்று, ஆறு வருஷமாக டிரங்குப் பெட்டியில் கலியாண வேட்டிக்குள் படுத்திருந்தது. தடை ஒன்றே ஒன்றுதான். அம்மாக்கண்ணு. அவர் பெண்சாதி. முப்பது வருஷம் கொழுந்து பறித்தவள். எது கொழுந்து, எது முற்றல் என்று கண்ணை மூடிக்கொண்டே அவள் விரல் சொல்லிவிடும். புருஷன் பேச்சில் எது நிஜம், எது புளுகு என்பதும் அப்படித்தான்.

மாயாண்டிக்குச் சீனி வருத்தம், அதாவது சர்க்கரை நோய். பொரித்தது, கொழுப்பு, குடி மூன்றும் கூடாது என்று கிளினிக் டாக்டர் மாதத்துக்கு ஒரு தடவை சொன்னார். அம்மாக்கண்ணு நாளைக்கு மூன்று தடவை சொன்னாள்.

ஆனால் மாயாண்டியிடம் திட்டம் இருந்தது. பகல் ரயில். பெட்டியில் விளக்குப் போடமாட்டார்கள். பட்டிப்பொல ஸ்டேஷனைத் தாண்டினால் பெரிய சுரங்கம். அதற்கப்புறம் சுரங்கத்துக்கு மேல் சுரங்கம். உள்ளே போனால் ஒரு வாய், ஒரு கடி. வெளியே வந்தால் நல்ல பிள்ளை.

முதல் நாளே டவுனில் லாபிரின் சாப்பாட்டுக் கடைக்குப் போனார்.

“லாபிர், நாளைக்கு விடிய ஒரு முழுக் கோழி ரோஸ்ட்.”

“முழுக் கோழியா? அக்காவுக்குத் தெரியுமா அண்ணே?”

“திங்கப்போறது நான். அவளுக்கு எதுக்குத் தெரியணும்?”

“அக்காட வீட்டுத் தோட்டத்து லீக்ஸ்தான் எங்கட கடைக்கு வருது. அவங்க கோவிச்சா நான் சோத்துல புல்லத்தான் வெட்டிப் போடணும்.”

“புல்லு நான் கொண்டாந்து தாரேன். நல்லா மொறுமொறுன்னு இருக்கணும். வைனுக்குத் தோதா.”

லாபிர் காதைப் பொத்திக்கொண்டார். “அந்தக் கத இங்க வேணாம் அண்ணே. கோழி என்ட பொறுப்பு. மத்தது எனக்குக் கேக்கவும் இல்ல, விளங்கவும் இல்ல.”

விடிந்தது. கோழிப் பார்சல் வந்தது. அம்மாக்கண்ணு குளிக்கப் போன நேரம் பார்த்து வைனைப் பிளாஸ்க்குக்கு மாற்றினார். எல்லாம் ஒழுங்கு. அத்தோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

கறி எடுத்துக்கொண்டு வெளியே போனால் கூடவே ஒரு கரித்துண்டும் ஓர் இரும்பாணியும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கறி வாசத்துக்குப் பின்னால் வழியில் ஏதாவது வரும். ஏதாவது என்றால் ஏதாவதுதான். பெயர் சொல்லக் கூடாது. முள்ளுக்கரண்டி எந்தப் பக்கம், கத்தி எந்தப் பக்கம் என்று புதுத் துரைகளுக்கே பாடம் எடுத்தவர் மாயாண்டி. ஆனாலும் கரி இல்லாமல் கறியைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோகிற துணிச்சல் அவருக்கு வரவில்லை. சாம்பிராணிச் சட்டியில் கையை விட்டார். பெரிய துண்டாகவே எடுத்து, ஓர் ஆணியோடு கோழிப் பார்சலுக்குள் செருகினார். பெரிய சுரங்கம் அல்லவா.

“என்னங்க, வெரலெல்லாம் கறுப்பு?”

அம்மாக்கண்ணு ஈரத் தலையோடு வாசலில் நின்றாள்.

“பல்லு வெளக்கினேன்.”

“பல்லு கோப்பையில கெடக்கு.”

“கோப்பையில கெடந்தா வெளக்கக் கூடாதா?”

“கரியிலயா?”

“அந்தக் காலத்துல எல்லாரும் கரியிலதான் வெளக்கினாங்க.”

“அவங்க பல்லு அவங்க வாயில இருந்துச்சு.”

மாயாண்டி கட்டுப்பல்லை எடுத்து வாயில் மாட்டிக்கொண்டார். பேச்சை முடிக்கத்தான். ஆனால் அது இன்னும் பெரிய பிழை. கட்டுப்பல் அவர் வாயில் ஏறுவது இரண்டு காரியத்துக்குத்தான். ஒன்று போட்டோ. அன்றைக்குப் போட்டோ எடுக்க யாரும் வரவில்லை.

அம்மாக்கண்ணு தலையைத் துவட்டினாள். “ஒங்களுக்கும் சேத்து வெந்தயத் தண்ணி என் பிளாஸ்க்குலயே ஊத்திக்கவா?”

“வேணாம். என் பிளாஸ்க்குல நானே ஊத்திக்கிட்டேன்.”

“நீங்களாவா?”

“ஏன்? என் ஒடம்பு மேல எனக்கு அக்கற இருக்கக் கூடாதா?”

“இருக்கணும், இருக்கணும்,” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் பயப்பட வேண்டும். முப்பத்தெட்டு வருஷத்தில் துரைமாரிடம் கற்றதை மனைவியிடம் மறந்தார் மாயாண்டி.

இரண்டு பிளாஸ்க்கும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை. இரண்டிலும் ஒரே வாத்துப் படம்.

தலவாக்கலை வரைக்கும் பஸ். மாயாண்டி வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். அங்கிருந்து ரயில். ஜன்னலோரம் அவர், எதிரே அவள். நானுஓயாவில் இறால் வடைக்காரன் ஏறினான்.

“ரெண்டு வாங்கவாங்க?” என்றாள் அம்மாக்கண்ணு.

“எண்ணெப் பலகாரம். ஒடம்புக்கு ஆகாது.”

காய்ச்சல் அடிக்கிறதா என்பதுபோல் அவள் அவரைப் பார்த்தாள்.

அம்பேவல போனது. பட்டிப்பொல போனது. ரயில் ஊதியது. இருட்டு வந்தது.

மாயாண்டி பிளாஸ்க்கைத் திறந்தார். மூடியில் ஊற்றினார். துரைமார் மாதிரி ஒரு சுழற்றுச் சுழற்றினார். பாதி வேட்டியில் போயிற்று. போகட்டும். கண்ணை மூடி, வாய் நிறைய ஒரு மடக்கு.

கசந்தது.

ஆறு வருஷத்தில் வைன் இப்படியும் முற்றுமா? நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தார். இந்தக் கசப்பு தெரிந்த கசப்பு. தினமும் காலையில் சந்திக்கிற கசப்பு. யோசிக்க நேரமில்லை, சுரங்கம் முடிந்துவிடும். பார்சலுக்குள் கையை விட்டார். கெட்டியாக ஒன்று அகப்பட்டது. கோழிக்கால். பல்லை அழுத்தி ஒரு கடி கடித்தார்.

நறுக் என்றது.

வெளிச்சம் வந்தது.

எதிரே அம்மாக்கண்ணு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் கோழித்தொடை. மறு கையில் சில்வர் தம்ளர். தம்ளரில் சிவப்பு.

“பல்லு வெளக்கியாச்சா?” என்றாள்.

ஜன்னல் கண்ணாடியில் மாயாண்டி தன் வாயைப் பார்த்தார். கட்டுப்பல் வரிசை மேலும் கீழும் கறுப்பு. மடியில் விரிந்த பார்சலில் ஆட்டா மா ரொட்டி, வல்லாரைச் சம்பல், ஓர் ஆணி, பாதிக் கரி.

“ஏய்… இது எப்ப?”

“நீங்க பஸ்ஸுல கொறட்ட விட்டப்ப. ரொட்டிக்கு எவனாவது கரி வப்பானா? கரி இருந்தா கறி இருக்கும். தேடினேன். இருந்துச்சு. வைனும் இருந்துச்சு.”

“கரிய எங்கிட்ட விட்டுட்டுக் கறிய எடுத்துட்டியே! கறிக்குக் காவல் வேணாமா?”

“என் கொண்ட ஊசி இரும்புதான். அது போதும்.”

“அது ஆறு வருஷ வைன் புள்ள!”

“தெரியுமே. டிரங்குப் பெட்டிய மாசாமாசம் தொடைக்கிறது யாரு? போத்தலையும் சேத்துத்தான் தொடச்சேன்.”

மாயாண்டிக்குக் கோபம் வந்தது. கரி அப்பிய வாயோடு கோபப்பட்டால் யார் பயப்படுவார்கள்? ரயில் காட்டுக்குள் வளைந்தது. பிறகு அவர் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

“ஒரு தடவ. ஒரே ஒரு தடவ ஒக்காந்து குடிக்கணும்னு நெனச்சேன். எத்தன பேருக்கு ஊத்தியிருப்பேன். எனக்கு எவனாவது ஊத்தினானா?”

அம்மாக்கண்ணு தொடையைக் கீழே வைத்தாள்.

“நீங்க நின்னது பங்களா வெராந்தாவுல. நான் நின்னது மலையில, மழையில. தொரசாணி கிளாஸோட ஒக்காந்திருக்கும். பக்கத்துல நீங்க கோட்டுப் போட்டுக்கிட்டு நிப்பீங்க. நான் கொழுந்துக் கூடையோட கீழ போவேன். ஒரு நாளாச்சும் திரும்பிப் பாத்தீங்களா?”

“வேல நேரத்துல எப்புடி…”

“இப்ப என்ன வேல? ஊத்துங்க. தொரசாணிக்கு ஊத்துன மாதிரியே ஊத்தணும்.”

மாயாண்டி அவளைப் பார்த்தார். விளையாட்டில்லை. எழுந்தார். வாயைக் கொப்பளித்துத் துடைத்தார். துண்டை இடது கையில் மடித்துப் போட்டார். ஆடுகிற ரயிலில் முதுகை நிமிர்த்தினார். முதலில் வைன் பிளாஸ்க்கை அவள் முன்னால் நீட்டினார்.

“எதுக்கு வாத்தக் காட்டுறீங்க?”

“லேபலக் காட்டணும். அதான் மொற.”

“வாத்து நல்ல வாத்துதான். ஊத்துங்க.”

வலப்பக்கம் வந்து நின்றார். கால் தம்ளர் ஊற்றினார். முடிக்கையில் மணிக்கட்டை லேசாகத் திருப்பினார். ஒரு சொட்டுக் கீழே விழவில்லை.

அம்மாக்கண்ணு குடித்தாள். முகம் சுளித்தாள். மறுபடி குடித்தாள். முகம் விரிந்தது.

“புளிச்ச பழத்தண்ணி மாதிரி இருக்கு. இதுக்கா தொரசாணி அத்தன சிரிப்பு சிரிச்சுச்சு?” என்றவள், தானே சிரித்தாள். “இன்னொரு தடவ அந்தக் கையத் திருப்புங்க, பாப்பம்.”

திருப்பினார். மூன்று தடவை. கை அழகாகத்தான் திரும்பியது. அவருக்கே பெருமையாக இருந்தது.

அம்மாக்கண்ணு கோழியின் நெஞ்சுப் பக்கத்தில் தோலை உரித்து, கொழுப்பைக் கிள்ளி எறிந்து, ஒரு துண்டை அவர் வாயில் வைத்தாள். “மெல்லுங்க. இது ஒண்ணுதான்.” லாபிர் வாக்கு மாறாதவர். தோல் இல்லாமலே ருசித்தது.

ஒஹியாவும் போனது. அவள் எழுந்து நின்றாள்.

“இப்ப நீங்க ஒக்காருங்க.”

“எதுக்கு?”

“ஒக்காருங்கன்னா.”

அவர் கையிலிருந்து துண்டை எடுத்துத் தன் கையில் மடித்துப் போட்டாள். “எந்தப் பக்கம் நிக்கணும்?”

“வலப்பக்கம்.”

“எவ்வளவு ஊத்தணும்?”

“கால் கிளாஸ்.” அவர் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். “முடிக்கிறப்ப கையத் திருப்பணும்.”

மாயாண்டி ஜன்னலோரம் நிமிர்ந்து சாய்ந்து உட்கார்ந்தார். கால் மேல் கால் போட்டார். பிளாஸ்க் மூடியை நீட்டினார். ரயில் ஊதியது. அடுத்த சுரங்கம் வந்தது. இருட்டுக்குள் தண்ணீர் விழுகிற சின்னச் சத்தம் கேட்டது. அவருக்கென்று ஒருவர் நின்று ஊற்றுகிற சத்தம். முப்பத்தெட்டு வருஷம் காத்திருந்து கேட்ட சத்தம். மூக்கு அடைத்துவிட்டது. ஏன் அடைத்தது என்று கேட்டால் மலைக் குளிர் என்பார். மூக்கு அடைத்திருந்ததால் வாசம் தெரியவில்லை. மூடியைத் தூக்கி, மெல்ல, ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

வெந்தயம்.

வெளிச்சம் வந்தபோது அம்மாக்கண்ணு தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் தம்ளர் விளிம்பு வரைக்கும் சிவப்பு.

“வலப்பக்கம் நின்னுதானேங்க ஊத்தினேன்?” என்றாள்.