மாமி வீட்டுச் சுவருக்கு நான் பார்த்த வைத்தியம்

திருத்தப் போய்க் கெடுத்த பொருட்கள் என் கணக்கில் நிறைய உண்டு. ஒரு றேடியோ, இரண்டு மின்விசிறிகள், அண்ணனின் மோட்டார் சைக்கிள். அவற்றுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டாயிற்று. ஒரு சுவரைக் கெடுத்ததற்கு மட்டும் இன்னும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய ஆள் வீட்டில் இல்லை.

யுத்தம் முடிந்த வருடம் ஆவணி மாதத்தில், குருக்கள்மடத்தில் எனக்குக் கலியாணம் நடந்தது. எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் பெண் பெட்டி தூக்குவதில்லை, மாப்பிள்ளைதான் தூக்குவான். வீட்டை மகளின் பெயருக்கு எழுதிவிட்டுப் பெற்றவர்கள் பின்னால் ஒரு சின்ன அறைக்குப் போய்விடுவார்கள். மாப்பிள்ளை முன்வாசலால் வந்து, தனக்குச் சொந்தமில்லாத வீட்டில் தலைவனாக நடிக்க வேண்டும். நான் டவுனிலிருந்து ஒரு பயணப் பெட்டியோடும் ஒரு மஞ்சள் தலைக்கவசத்தோடும் போய்ச் சேர்ந்தேன்.

தலைக்கவசத்தின் கதை இது. சுனாமிக்குப் பிறகு வீடு கட்டிக் கொடுத்த ஒரு தொண்டு நிறுவனத்தில் நான் பதிவேடு எழுதும் வேலை பார்த்தேன். அங்கே எங்களுக்குக் கட்டடப் பயிற்சி மூன்று நாள் நடந்தது. முதல் நாள் அறிமுகமும் தேநீரும். இரண்டாம் நாள் படம் போட்டுக் காட்டத் தொடங்க, கரண்ட் போய்விட்டது. மூன்றாம் நாள் சான்றிதழும் தலைக்கவசமும் தந்தார்கள். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரைத் தட்டிப் பார்ப்பேன். (என்ன சத்தம் கேட்க வேண்டும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.)

என் மனைவி வனிதாவின் வீடு செங்கல்லும் சிப்பிச் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய வீடு. கடல் வந்த அன்று நடு அறையில் நெஞ்சளவு தண்ணீர் நின்றதாம். அலுமாரியும் போட்டோ அல்பங்களும் அதோடு போயின. நெஞ்சளவுக்கு மேலே ஆணியில் தொங்கிய ஒரே ஒரு படம் தப்பியது. அது வனிதாவின் அண்ணன் சுதனின் படம். வெள்ளைச் சேட்டு, எண்ணெய் வைத்து வாரிய தலை, சிரிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்காத வாய்.

கடல் வந்து இரண்டு வருடம் கழித்து, ஒருநாள் காலையில் சுதன் சைக்கிளில் களுவாஞ்சிக்குடிக்குப் போனார். சைக்கிள் மட்டும் திரும்பி வந்தது, யாரோ உருட்டிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். அவரைக் கொண்டுபோனது யார் என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். பிறகு அந்தக் கதைகளைச் சொல்வதையும் நிறுத்திவிட்டார்கள். வனிதாவின் அப்பா, என் மாமா, அந்த ஏக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். எஞ்சியது மாமியும் வனிதாவும் அந்தப் படமும்தான்.

மாமி அந்தப் படத்தைச் சுவரிலிருந்து இறக்க விடமாட்டார். படத்தை இறக்கித் துடைப்பது மாலை போடுவதற்குத்தான் என்பது எங்கள் ஊர் வழக்கம். பிரதி எடுக்க வேண்டும் என்று வனிதா கேட்டபோதும், “முதல்ல அவன் வந்து அவன்ட கையால கழட்டட்டும் புள்ள, மறுகா எடுப்பம்” என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

நான் குடிபோன முதல் மாரியில் அந்தச் சுவரில் ஈரம் இடுப்பளவுக்கு ஏறியது. முன்பு முழங்காலளவுதான் இருந்ததாம். புது மாப்பிள்ளைக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு கூரையில் ஏறினேன். ஒழுக்கு ஒன்றும் இல்லை. இறங்கும்போது பத்துப் பன்னிரண்டு ஓடுகளை மிதித்து உடைத்ததால் ஒழுக்கும் வந்தது.

கூரை ஒழுகினால் ஈரம் மேலிருந்து இறங்கும். இந்த ஈரமோ நிலத்திலிருந்து எழும்பி, நூல் பிடித்தது போல ஒரே மட்டத்தில் நின்றது. கோட்டுக்குக் கீழே பூச்சு மாவாக உதிர்ந்தது, கோட்டை ஒட்டி வெள்ளையாக உப்புப் பூத்தது. கண் உள்ள எவரும் நிலத்து ஈரம் என்று சொல்லியிருப்பார்கள். எனக்கும் கண் இருந்தது, அதை மறைத்துக்கொண்டு தலைக்கவசமும் இருந்தது.

வனிதா பொறுக்க முடியாமல் களுவாஞ்சிக்குடியிலிருந்து தங்கராசா என்ற மேசனைக் கூப்பிட்டாள். என் வயதுக்காரர்தான். அவர் சுவரை ஆணியால் கீறி, உதிர்ந்ததை விரல் நுனியில் எடுத்து நாக்கில் வைத்தார்.

“உப்பு, சேர். கடல் தண்ணிர உப்பு இன்னும் சுவருக்குள்ள கிடக்கு. நிலத்து ஈரமும் சேர்ந்து ஏறுது.”

“அப்ப சீமெந்து பூசி அடைச்சிருவம்” என்றேன்.

“ஐயோ, வேணாம் சேர். இது சுண்ணாம்புச் சுவர், ஈரத்த வெளிய விட்டு விட்டுத்தான் இவ்வளவு காலம் நிண்டது. நீங்க அடைச்சா தண்ணி சும்மா கிடக்குமா? அடைக்காத இடத்தத் தேடி மேல போகும்.” வெளியே கூட்டிக்கொண்டு போய், சுவரை ஒட்டி ஏறிக் கிடந்த சரளை மண்ணைக் காட்டினார். “முதல்ல இந்தக் கிறவல வெட்டுங்க. அத்திவாரத்துக்கு மேல ஈரத்த மறிக்கத் தார் பூசியிருக்கும். அதையும் மூடிக்கொண்டு மண் ஏறிக் கிடக்கு.”

அந்தக் கிறவல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். முற்றம் பள்ளம், கலியாணப் பந்தலில் சேறு பட்டால் எங்கள் மானம் போய்விடும் என்று என் பெரியப்பா ஒற்றைக் காலில் நின்று மூன்று உழவு மெசின் பெட்டி கிறவல் கொட்டுவித்தார். சுவருக்கு வந்த நோய் என் கலியாணம்தான். அதை வெட்டினால் மாப்பிள்ளை வீட்டார் போட்ட மண்ணைப் பெண் வீட்டில் வெட்டியெறிந்தார்கள் என்று ஊர் பேசும். ஊர் பேசக் கூடாது என்பதற்காகத் தங்கராசாவை அனுப்பிவிட்டேன்.

சித்திரை வெயிலில் நானே சீமெந்து குழைத்தேன். மாமி வாசலில் நின்று பார்த்தார்.

“தம்பி, படத்தக் கழட்டாமப் பூசுவீங்களா?”

“அதுக்கென்ன மாமி? படத்துக்குக் கீழ வரைக்கும் பூசினாக் காணும்.”

சட்டத்தின் விளிம்பு வரை பூசினேன். அது காய்ந்ததும் மேலே பளபளக்கும் பச்சை எனாமல் அடித்தேன். ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. மாமிக்கு அது பிடித்துவிட்டது. “சுதன் வந்தா நம்மட வீடுதானா எண்டு வாசல்லயே நிண்டிருவான்” என்றார். நான் வந்தவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரைத் தட்டிக் காட்டினேன்.

அடுத்த மாரி வந்தது. வாவி நிரம்பி வயலும் றோட்டும் ஒன்றானபோதும் என் பச்சைச் சுவரில் ஒரு துளி ஈரம் இல்லை. தங்கராசாவைச் சந்தையில் கண்டபோது, “சுவர வந்து பாருங்க” என்று மிதப்பாகச் சொன்னேன். அவர், “படத்தையும் பாருங்க சேர்” என்றார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

தை மாதம் ஒரு கடிதம் வந்தது. காணாமற்போனவர்களைப் பற்றி விசாரிக்க ஒரு ஆணைக்குழு வருகிறது, உறவினர் தெளிவான படத்தோடு வர வேண்டும். மாமி அதை வனிதாவைக் கொண்டு மூன்று தரம் வாசிப்பித்தார். பிறகு குளித்து, வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“கழட்டுங்க தம்பி. இது மாலை போட இல்லத்தானே. தேடத்தானே.”

நான் கதிரையில் ஏறிச் சட்டத்தில் கைவைத்தேன். அது சவர்க்காரம் போல வழுக்கியது. திருப்பினேன், பின்பக்கத்து அட்டை கஞ்சியாகக் கையில் வந்தது. படம் தொங்கிய இடத்தில் சுவர் கறுத்து, ஈரத்தில் மினுங்கியது. கீழே நான் அடைத்த தண்ணீர் முழுவதும் சட்டத்துக்குப் பின்னால் வந்து குடியிருந்தது. படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சேட்டும் கழுத்தும் பூஞ்சணத்தில் போய்விட்டன, ஆனால் முகம் இருந்தது. கொஞ்சம் மங்கல், ஆனாலும் சுதன் என்று தெரிந்தது.

“அப்பிடியே விடுங்க. கண்ணாடியோட ஸ்டூடியோவுக்குக் குடுப்பம்” என்றாள் வனிதா.

அந்த இடத்தில் நான் கையை எடுத்திருந்தால், இந்தக் கதையில் ஒரு சுவர் மட்டும்தான் கெட்டிருக்கும். ஆனால் இரண்டு பெண்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், சுவரைக் கெடுத்தவன் படத்தையாவது காப்பாற்றிக் காட்ட வேண்டாமா? “இஞ்ச விடு, எனக்குத் தெரியும்” என்று ஒரு மூலையைப் பிடித்து மெதுவாக இழுத்தேன். கடதாசி வந்தது. முகம் வரவில்லை. வலது கண்ணும் நெற்றியும் கண்ணாடியில் நின்றன, வாயும் நாடியும் துண்டு துண்டாகக் கடதாசியில் கிடந்தன. நடுவில் இருந்தது ஒன்றிலும் இல்லை.

மாமி கத்தவில்லை. கத்தியிருக்கலாம். கண்ணாடியையும் கடதாசியையும் என் கையிலிருந்து வாங்கி, ஒரு துவாயில் தனித்தனியாகச் சுற்றினார். “வெளிக்கிடுங்க, நேரமாகுது” என்று மட்டும் சொன்னார். எனக்கு அந்தக் கதிரையை விட்டு இறங்கவே வெட்கமாக இருந்தது.

விசாரணை நடந்த மண்டபம் முழுக்கத் தாய்மார். ஒவ்வொரு மடியிலும் ஒரு படம், ஒவ்வொரு படத்திலும் வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒரு பையன். எங்கள் முறை வந்தபோது மாமி மேசையில் துவாயை அவிழ்த்தார். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, கடதாசியைப் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அம்மா, முகம் தெரியல்லியே. சுனாமியில பட்டதா?”

“இல்ல ஐயா” என்றார் மாமி. “சுனாமி வந்தது, இந்தப் படத்த ஒண்டும் செய்யல்ல. மறுகா மருமகன் வந்தவர்.”

பின்வரிசையில் யாரோ ஒரு அம்மா சிரித்தார். அதோடு அடக்க முடியாமல் வரிசை வரிசையாகச் சிரிப்பு வந்தது, காலையிலிருந்து அழுத கண்களோடு எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். மாமியும் சிரித்தார். சுதன் போன பிறகு அவர் சிரித்ததைத் தான் கண்டதில்லை என்று வனிதா பின்னர் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்தவர் படம் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டார். இடது புருவத்தில் தழும்பு என்று மாமி சொல்ல, அதை எழுதினார். அந்தத் தழும்பு படத்தில் தெரிந்தது, நான் இழுக்கும்வரை.

வீட்டுக்கு வந்ததும் தங்கராசாவின் காலில் விழாத குறை. அவர் கிறவலைச் சுவரை விட்டு வெட்டி, தண்ணீர் வெளியே ஓடச் சரிவு வைத்தார். பச்சையைக் கொத்தி எறிந்தோம். ஒரு கோடை முழுவதும் சுவரை வெறுங்கல்லாக விட்டு, பூத்த உப்பைத் தினமும் தும்புத்தடியால் நான்தான் கூட்டி அள்ளினேன். பிறகு சுண்ணாம்பும் மணலும் குழைத்துப் பூசினார். “நான் அப்பவே சொன்னனான்” என்று அவர் ஒரு தடவையாவது சொல்வார் என்று காத்திருந்தேன், அவர் சொல்லவில்லை. அதன்பிறகு பல மாரிகள் கண்டாயிற்று, சுவர் காய்ந்தே நிற்கிறது. ஆணியும் வெறுமையாக நிற்கிறது.

இப்போது நான் ஒரு சுத்தியலைக் கையில் எடுத்தாலே போதும், என் மகள், “சுனாமி ஒண்டும் செய்யல்ல” என்று தொடங்குவாள், மகன், “மறுகா மருமகன் வந்தவர்” என்று முடிப்பான். ஊரில் பைப் உடைந்தாலும் மதில் விழுந்தாலும் இதே பேச்சுத்தான். மாமிக்குக் கண் மங்கிவிட்டது, ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்வார். ஒவ்வொரு தடவையும் எதையாவது கூட்டுவார். நான் கதிரையிலிருந்து விழுந்ததாக அண்மையில் சேர்த்திருக்கிறார்.

ஒருநாள், “எத்தின தரம் மாமி இதச் சொல்லுவீங்க?” என்று கேட்டேன்.

“மறந்திரக் கூடாதே தம்பி” என்றார். “அவன் வந்தா முதல்ல இதத்தான் சொல்லோணும். நல்லாச் சிரிப்பான்.”

அதன்பிறகு நான் அவரை நிறுத்துவதில்லை. எங்கேயாவது விட்டுவிட்டால் நானே எடுத்துக் கொடுக்கிறேன்.