எனக்காக நான் எழுந்து நின்ற ஒரு நிமிடம்

தங்களுடைய மௌன அஞ்சலிக்குத் தாங்களே பிந்திப் போய்ச் சேர்ந்த ஆட்கள் உலகத்தில் அதிகம் இருக்க மாட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தேன். கால் மணி நேரம் தாமதம். (ரயிலின் மேல் பழி போட வழியில்லை. அது சரியான நேரத்துக்கே வந்தது. மூடுபனியில் ஆராவ் நகரத் தெருக்களில் வழி தவறியது நான்தான்.)

சுவிஸின் பீல் நகரில் ஒரு கடிகாரத் தொழிற்சாலையில் எனக்கு எண்பது வீத வேலை. கவலைப்படுவது நூறு வீதம். மகள் ஆரணிக்குப் பத்தொன்பது வயது. கார் ஓட்டும் அனுமதி எடுத்து நான்கு மாதம். அந்த நான்கு மாதமும் அவள் வீட்டுக்கு வந்து சாவியை மேசையில் போடும் சத்தம் கேட்கும்வரை நான் உட்கார்ந்ததே இல்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் சுவிஸ் கிளை. கல்லூரியின் எல்லே அணியில் விளையாடியவர்களுக்கு ஒரு கௌரவச் சுவர் வைப்பதா இல்லையா என்று ஒரு கூட்டம் கூடியது. எல்லே என்றால் மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடும் விளையாட்டு. ("அப்பா, இது பேஸ்போல்தானே? அமெரிக்காவிலை அந்த ஆக்களுக்கு ஒரு மண்டபமே கட்டி வைச்சிருக்கினம்" என்று ஆரணி எப்போதோ சொன்னதுதான் என் மண்டையில் ஏறிய முதல் பேய்.)

கூட்டத்தில் தேவன் எழும்பினார். சங்கத்தின் பொருளாளர், எதையும் எதிர்ப்பவர்.

"டொக்டராய் வந்தவன்ர படத்தைக் கொழுவலாம், ஓம். பள்ளிக்கூடத்திலை தடியாலை பந்தடிச்சவனுக்கு என்னத்துக்குச் சுவர்? பிறகு மாபிள் அடிச்சவனும் வந்து கேப்பான்."

நான் எழும்பினேன். பத்து நிமிடம் பேசினேன். கல்லூரிக்காக விழுந்து முழங்கால் உடைத்தவனை மறந்தால் நாங்கள் மனிதர்களா என்று கேட்டேன். யாரோ கண்ணைத் துடைத்தார்கள். தீர்மானம் நிறைவேறியது. கூடவே ஒரு நிபந்தனையும்: ஒவ்வொருவரும் தாங்கள் செய்த சாதனையை எழுதி விண்ணப்பிக்க வேண்டும்.

நான் எழுதினேன்: "இறுதிப் போட்டியில் கடைசிப் பந்தைப் பிடித்து வெற்றி தேடித் தந்தவர்."

அந்தப் பந்தைப் பிடித்தது குகன்.

வேலியோரமாகப் பந்து மேலே போனபோது நாங்கள் இரண்டு பேரும் ஓடினோம், மோதினோம், விழுந்தோம். எழும்பியபோது பந்து அவன் கையில் இருந்தது. இங்கே வந்த புதிதில் நான் "நாங்கள் பிடிச்சம்" என்றுதான் சொல்லி வந்தேன். ஆரணி நான்கு வயதில் "ஆர் அப்பா, நீங்களோ?" என்று கேட்டாள். ஓம் என்று விட்டேன். (நான்கு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு நுணுக்கமாக விளக்குவது?) பிறகு வருடத்துக்கு ஒரு பூச்சு பூசினேன். அணியாக எடுத்த படத்தில் அந்தப் பந்தை ஏந்திக்கொண்டு நிற்பவனும் நான்தான் என்று ஒரு பிறந்தநாளில் சேர்த்துக்கொண்டேன். படம் ஊரில் தொலைந்துவிட்டது என்ற தைரியம். மறுத்துச் சொல்லக் குகனும் இல்லை. இருபது வயதில் ஊரிலேயே போய்விட்டான். எப்படிப் போனான் என்பது இந்தக் கட்டுரைக்குள் அடங்காது.

விண்ணப்பம் போட்ட மாதத்தில் அந்த அணிப் படம் எங்கிருந்தோ சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்தது. சுவரில் மாட்ட மற்றவர்களிடம் தங்கள் தங்கள் இளவயதுப் படங்கள் இருந்தன. என்னிடம் ஒன்றும் இல்லை. "நான் பாத்துக்கொள்ளுறன் அப்பா, நீங்கள் அண்டைக்கு வந்து பாருங்கோ" என்றாள் ஆரணி. மகளின் பாசத்தில் கரைந்துபோய் நான் எதையும் யோசிக்கவில்லை.

விழா நாள், நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை. எனக்கு மதியம்வரை வேலை. ஆரணி படங்களோடு காலையிலேயே காரில் ஆராவ் போய்விட்டாள். மனைவி வதனிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. மூடுபனி மூன்று நாளாகக் கலையவில்லை. ரயிலில் ஏறிய பிறகுதான், தொழிற்சாலை அலுமாரியில் வைத்துப் பூட்டிய போனை எடுக்கவில்லை என்று தெரிந்தது. யன்னலுக்கு வெளியே வயலும் இல்லை, வானமும் இல்லை. அந்த வெள்ளைக்குள் எங்கோ என் பிள்ளை கார் ஓட்டியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

ஆராவ் நிலையத்தில் தேவன் நின்றார். போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையைக் காட்டினேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு திரும்பி மூடுபனிக்குள் ஏறக்குறைய ஓடினார்.

"தேவன்! நில்லுங்கோ, நானும் வாறன்!" என்று கூப்பிட்டேன். அவருடைய காலடிச் சத்தம் இன்னும் வேகமாகியது.

அவரைப் பின்தொடரப் போய்த்தான் வழி தவறினேன். தெருவில் மனித நடமாட்டம் இல்லை. ஒரு வீட்டு வாசலில் நின்ற நாய் என்னைப் பார்த்துப் பின்வாங்கியது. (நாய் ஏன் அப்படிச் செய்தது என்பதற்கு இன்றுவரை விளக்கம் கிடைக்கவில்லை.)

மண்டபத்துக்கு வெளியே எங்கள் கார் இல்லை. கதவைத் திறந்தேன். நூறு பேர் இருப்பார்கள். ஒரு சத்தமும் இல்லை. எல்லோரும் தலையைக் குனிந்து நின்றார்கள். தொலைவில் மேடையோரச் சுவரில் படங்கள்; சிலவற்றுக்கு மாலை, கீழே சிறு விளக்குகள். இறந்துபோன வீரர்களுக்குத்தான் அஞ்சலி என்று புத்தி சொன்னது. ஆனால் முன்வரிசைப் பெண்கள் விம்மிக்கொண்டிருந்தார்கள். முப்பது வருடத்துக்கு முன் செத்தவர்களுக்கு இப்படி யாரும் விம்மமாட்டார்கள். இது புதுச் சாவு.

ஆரணியைத் தேடினேன். எங்கும் காணவில்லை. கார் இல்லை. மூடுபனி. நான்கு மாத அனுமதி.

நானும் தலையைக் குனிந்து, எனக்குத் தெரிந்த எல்லாத் தெய்வங்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பக்கத்தில் நின்றவரிடம் மெல்லக் கேட்டேன்.

"ஆருக்கு?"

அவர் திரும்பினார். தேவன்.

"ஐயோ! இஞ்சையும் வந்திட்டான்!"

நூறு தலைகள் திரும்பின. ஒரு கதிரை விழுந்தது. யாரோ தேவாரம் சொல்லத் தொடங்கினார்கள்.

"ஆருக்கெண்டு கேக்கிறன்! என்ர பிள்ளைக்கு என்ன நடந்தது?" என்று நான் அலறினேன்.

ஒரு சிறுமி மட்டும் சுவரைக் காட்டினாள். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. (எந்த மந்திரிக்கும் அப்படி வழி கிடைத்திருக்காது.) கிட்டப் போனேன். மாலை போட்ட மூன்றாவது படத்தின் கீழே பெரிய எழுத்தில் என் பெயர்.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். செத்தது நான்தான் என்று தெரிந்தபோது எனக்கு வந்த நிம்மதி, வாழ்க்கையில் வேறு எப்போதும் வந்ததில்லை.

பிறகுதான் படத்தைப் பார்த்தேன். என் பெயருக்கு மேலே குகன் நின்றான். பதினேழு வயது. இரண்டு கையாலும் பந்தைப் பிடித்தபடி, நேரே என்னைப் பார்த்துக்கொண்டு.

பக்கக் கதவால் சிவம் அண்ணை ரோல்ஸ் பலகாரப் பெட்டியோடு உள்ளே வந்தார். எங்கள் அணித் தலைவர். விழாவுக்காக அன்றுதான் நொஷாட்டல் நகரிலிருந்து வந்திருந்தார். மாலைகளைப் போட்டவர் அவர்தான்.

"என்னடா ரகு, பேயைக் கண்டவன் மாதிரி நிக்கிறாய்?" என்றார்.

"அண்ணை, இது..."

"குகன்தானே. அவனுக்கும் ஆரோ விண்ணப்பம் போட்டிருக்கினம் எண்டு எனக்குச் சரியான சந்தோசமடா. நான்தான் மாலையைப் போட்டனான்." கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்து பெயரை வாசித்தார். மறுபடி வாசித்தார். "இதென்ன, உன்ர பேர் கிடக்கு?"

முகத்தைப் பார்த்து அவர் மாலை போட்டார். பெயரைப் பார்த்து மற்றவர்கள் அழுதார்கள். யாரோ படம் பிடித்துக் குழுவுக்கும் அனுப்பிவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து ஆரணி மூச்சு வாங்க ஓடிவந்தாள். "அப்பா! எங்கை போனீங்கள்? ஸ்டேசனிலை மற்ற வாசலிலை அரை மணித்தியாலமாப் பாத்துக்கொண்டு நிண்டனான். அம்மாவுக்கு எல்லாரும் போன் பண்ணுகினமாம், அங்கை அவ அழுறா!"

"பிள்ளை, இந்தப் படத்தை நீயோ வெட்டினனீ?" என்று கேட்டார் சிவம் அண்ணை.

"ஓம். ஏன்?"

"அப்பா எண்டு எப்பிடித் தெரியும்?"

"பந்து வைச்சிருக்கிறது அப்பாதானே, அங்கிள்." அவள் என்னைப் பார்த்தாள். "நீங்கள்தானே சொன்னனீங்கள்."

மண்டபத்தில் இரண்டாவது மௌனம். இதற்கு யாரும் அறிவிப்புச் செய்யவில்லை.

பிள்ளை தவறாக வெட்டிவிட்டாள் என்று ஒரு வசனம் சொன்னால் தப்பிவிடலாம். அந்த வசனம் நாக்குநுனிவரை வந்தது. எங்கும் காற்றில்லை, மற்ற விளக்குகள் அசையாமல் எரிந்தன. குகனுக்கு முன்னால் இருந்த சுடர் மட்டும் என் பக்கமாகச் சரிந்தது. (நான் மூச்சு விட்டிருக்கலாம். விட்டதாக ஞாபகம் இல்லை.)

"பந்தைப் பிடிச்சது குகன், பிள்ளை. நான் அவனை இடிச்சு விழுத்தினனான். அவன் விழுந்தும் பந்தை விடேல்லை."

ஆரணி படத்துக்கு அருகே போய் அந்த முகத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு நகத்தால் என் பெயரை உரிக்கத் தொடங்கினாள். நல்ல பசை, பெயர் லேசில் வரவில்லை.

"அப்ப ரகுவுக்கு இந்தச் சுவரிலை இடமில்லை" என்றார் தேவன், இன்னும் மூன்றடி தள்ளி நின்றபடி. "நான் அப்பவே சொன்னனான்."

அதற்குள் மண்டபப் பொறுப்பாளரான சுவிஸ்காரர், விளக்குப் புகை அபாய மணியை அடிக்கவைத்துவிடும் என்று ஊதி அணைக்க வந்தார். அழுத கண்களோடு நின்ற என்னைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து, ஆழ்ந்த அனுதாபம் என்று ஜெர்மனில் சொன்னார். என் சாவுக்கு என்னிடமே துக்கம் விசாரித்தவர் அவர் ஒருவர்தான். நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்வது?

குகனின் பெயர் இப்போது அந்தப் படத்தின் கீழே இருக்கிறது. உற்றுப் பார்த்தால், அதற்கடியில் உரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் என் பெயரின் முதல் எழுத்தும் தெரியும்.

வீட்டில் என் நிலைமை வேறு. நான் கொஞ்சம் பிந்தி வந்தால் போதும். கதவைத் திறக்கும்போது வதனியும் ஆரணியும் கதிரையிலிருந்து எழும்பித் தலையைக் குனிந்து நிற்பார்கள். "ஆருக்கு?" என்று நான் கேட்க வேண்டும். "ஐயோ, இஞ்சையும் வந்திட்டான்!" என்று இரண்டு பேரும் கத்துவார்கள். விருந்தாளிகள் வந்தாலும் இதே நாடகம்தான்.

அவர்கள் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். நான் சப்பாத்தைக் கழற்றுவதுபோல வாசலிலேயே நிற்பேன், குகனுக்குரிய அந்த ஒரு நிமிடம் முழுதாக முடியும்வரை.