மருமகள் பேரில் ஒன்றுமில்லை

உங்கள் ஊரிலும் இந்த இனம் உண்டு. கேள்வியை யாரைப் பார்த்துக் கேட்டாலும் பதிலைத் தாமே சொல்லிவிடுகிற இனம். டாக்டர் உங்களை நாக்கை நீட்டச் சொன்னால், நாக்கெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்பார் பக்கத்தில் நிற்கும் இவர்.

குத்தாலத்துப் பக்கம் எனக்குத் தெரிந்த துரைராசு இந்த இனத்தின் தலைவர். நில உச்சவரம்புச் சட்டம் வந்த காலத்தில், விசாரணைக்கு வந்த அதிகாரிகள் முன்னால் மனைவி, மச்சினன், கொழுந்தியாள், பேச்சு வராத கைப்பிள்ளை என்று அத்தனை பேருக்கும் தாமே பதில் சொல்லி, இருந்த நிலத்தை ஆளுக்குக் கொஞ்சமாகப் பேர் மாற்றி, உபரி என்று ஒரு குழி நிலம்கூடப் போகாமல் காப்பாற்றியவர். அன்று பழகிய வாய். அரசாங்கப் படிவத்தைக் கண்டாலே இல்லை என்று சொல்லத் தொடங்கிவிடும். ரேஷன் கார்டு சரிபார்க்க வந்தவரிடம், வீட்டில் சமையலே கிடையாது என்றது அந்த வாய்தான்.

முப்பது வருஷம் கழித்து அந்த வீட்டுக்கு கிராம நர்ஸ் அம்சம் வந்தார். மருமகள் ஆனந்தவல்லி மூன்று மாதக் குழந்தையோடு தாய்வீட்டிலிருந்து திரும்பியிருந்தாள். சரியாகச் சாப்பிடுவதில்லை, கண் எப்போதும் சிவந்திருக்கிறது என்று அம்சத்தின் காதுக்கு எட்டியிருந்தது. பிள்ளை பெற்றவளின் மனசை அளக்க அவர் கையில் ஒரு படிவம், அதில் பத்துக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று வரை மதிப்பெண். கூட்டுத்தொகை ஏறினால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.

அளக்க வந்திருக்கிறார்கள் என்றதும் துரைராசு நாற்காலியை இழுத்து நடுவில் போட்டுக்கொண்டார். கடந்த ஏழு நாளில் காரணமில்லாமல் கலங்கினாளா? இல்லை. அழுதாளா? எங்கள் குடும்பத்தில் அந்த வழக்கமே கிடையாது. தூக்கம்? தாராளம். மருமகள் வாயைத் திறந்தாள். போய்க் குழந்தையைப் பார், அழுகிறது என்றார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

பத்துக்கும் பூஜ்யம். பிள்ளை பெற்ற எந்த வீட்டிலும் இப்படி வராதே, மேலதிகாரிகள் சந்தேகப்படுவார்களே என்றார் அம்சம். சந்தேகமா? துரைராசுவின் பழைய மூளை விழித்துக்கொண்டது. குரலைத் தாழ்த்தினார்.

"கவலை கொஞ்சம் இருக்குதும்மா, மறைப்பானேன். ஆனா அது மருமக பேர்ல இல்லீங்க. பாதிய அவ தம்பி பேர்ல எழுதிக்கங்க, மீதி என் சம்சாரம் பேர்ல."

அம்சம் பேனாவை மூடிவிட்டு ஆனந்தவல்லியின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா."

"எல்லாம் என் பேர்லதாங்கக்கா இருக்கு. யார் பேருக்கும் மாத்தல. தெனமும் அழுவுறேன்."

துரைராசு எழுந்து, நடுவில் போட்டிருந்த நாற்காலியைத் தூக்கி ஓரமாக வைத்தார். பாவம், கெட்ட மனிதர் இல்லை. மறுநாள் அவரேதான் மருமகளை டாக்டரிடம் அழைத்துப்போனார். என்னம்மா செய்கிறது என்று டாக்டர் அவளைக் கேட்டபோது, தோள்துண்டால் தம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாராம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. போன வாரம் உங்கள் மாமியார் போன் செய்து, மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். அவள் அடுத்த அறையில்தான் இருந்தாள். நன்றாக இருக்கிறாள் என்று சொன்னது யார்?