பழக்கமின்மைச் சான்று

எங்கள் அலுவலகத்தில் மொத்தம் நாற்பத்தெட்டுப் பேர். அந்த நாற்பத்தெட்டுப் பேரும் வீட்டில் சமைத்துச் சாப்பிட்டு நலமுற வாழ வேண்டும் என்று மேலிடம் மனமுவந்து ஆணையிட்டது. ஆணை ஆறு பக்கம். இருபத்தொரு நாள் விடாமல் சமைத்து, தினமும் படம் எடுத்து அனுப்பினால் 'வீட்டுச் சமையல் பழக்க உருவாக்கச் சான்றிதழ்' கிடைக்கும். சான்றிதழ் பெற்றவருக்கு மதிய இடைவேளை அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரமாகும். வீட்டுக்குப் போய்ச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

அந்தக் கடைசி வரியை மூன்று தடவை படித்தேன். என் மனைவிக்கு முழங்கால் சரியில்லை, அடுப்படியில் நிற்க முடியாது. பதினொரு வருஷம் நாலு மாதமாக நான்தான் சமைக்கிறேன். காலையில் நான் மூடி வைத்துவிட்டு வருகிற சோற்றை மதியம் ஆறிப்போன பிறகு தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள். இரண்டு மணி நேரம் கிடைத்தால் சுடச்சுடப் போட்டுவிட்டுக் கூடவே உட்கார்ந்து நானும் சாப்பிடலாம்.

விண்ணப்பத்தில் ஏழாவது கேள்வி, 'தற்போது சமைக்கும் பழக்கம் உண்டா?' மற்ற நாற்பத்தேழு பேரும் 'இல்லை' என்று எழுதினார்கள். நான், 'உண்டு. பதினொரு வருஷம் நாலு மாதம். காய்ச்சலில் தவறியது ஒன்பது நாள்' என்று எழுதினேன்.

பழக்க அலுவலர் கூப்பிட்டு அனுப்பினார். இதற்காகவே புதிதாக நியமிக்கப்பட்டவர்.

"உங்க விண்ணப்பம் தள்ளுபடிங்க, பெரியவரே."

"ஏன் சார்?"

"இது பழக்கத்தை உருவாக்குற திட்டம். உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு. குடியிருக்கிற வீட்டுக்கு யாராவது அஸ்திவாரம் தோண்ட அனுமதி கேப்பாங்களா?"

"நான் இப்ப என்ன சார் செய்யணும்?"

"பழக்கத்தை விட்டுட்டு வாங்க. இருபத்தொரு நாள் அடுப்பு பத்த வைக்கக் கூடாது. தாளிப்பு வாசனை வரலைன்னு பக்கத்து வீட்டுல ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்தீங்கன்னா பழக்கமின்மைச் சான்று தந்துடுவேன். அப்புறம் தாராளமா உருவாக்கலாம்."

வீட்டில் சொன்னேன். "அடுப்பை அணைக்க ஒரு ஆபீஸு, அதுக்கு ஒரு ஆபீசரு" என்றாள் மனைவி. "சரி, உங்க ஆபீஸ் பக்கத்து முக்குக் கடையில வாங்குங்க. இருபத்தொரு நாள்தானே, ஓடிடும்."

ஓடவில்லை. ஒன்பதாம் நாள் சாயங்காலம் என்ன நினைவில் இருந்தேனோ, வாணலியை வைத்துச் சீரகத்தைப் போட்டுவிட்டேன். கையெழுத்துப் போட ஒப்புக்கொண்டிருந்த மாடிவீட்டு அம்மா படியிறங்கி வந்தார்.

"தாளிச்சீங்களாண்ணே?"

"கொஞ்சூண்டு சீரகம்தாம்மா. கை தானாப் போயிடுச்சு."

"ஐயோ, எனக்குப் பொய்க் கையெழுத்து போட வராதேண்ணே!"

எனக்கும் போடச் சொல்ல வாய் வரவில்லை. கணக்கு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கியது. ஆகக்கூடி முப்பது நாள் கடைச் சாப்பாடு. முப்பத்தோராம் நாள் பழக்கமின்மைச் சான்று கைக்கு வந்தது. அலுவலர் எழுந்து நின்று கை குலுக்கினார்.

அன்றைக்கே அடுப்பைப் பற்ற வைத்தேன். உப்புப் போட்டேனா என்று சந்தேகம் வந்து இன்னொரு தரம் போட்டேன். மனைவி ஒரு வாய் வைத்தாள். தட்டைத் தள்ளவில்லை, அந்த மட்டும் மரியாதை.

"ஏங்க, தப்பா நினைக்காதீங்க. கடையில உப்பு அளவா இருந்துச்சு."

நானும் ஒரு வாய் வைத்தேன். அவள் சொன்னது சரிதான்.

மறுநாள் என் முகத்தைப் பார்த்த, எங்கள் அலுவலகத்தில் முத்திரை குத்துபவர், "என்ன பெரியவரே, நிஜமாவே சமைக்கிறீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். தன் போனை எடுத்து ஒரு பானைப் படத்தைக் காட்டினார். ஆவி பறக்கும் சோற்றுப் பானை. "இதையே இருபத்தொரு தடவை அனுப்புங்க. நாங்க எல்லாரும் இதைத்தான் அனுப்பினோம்."

"அலுவலர் கண்டுபிடிச்சிடுவாரே?"

"எப்படிப் பிடிப்பாரு? பானையே அவரு மாமியார் வீட்டுதுதான்."

ஊரோடு ஒத்துப் போனேன். வீட்டுச் சாப்பாடும் முக்குக் கடையிலிருந்தே வந்தது. நாற்பத்தெட்டாம் எண் சான்றிதழ் எனக்கு வந்தது. திட்டம் நூற்றுக்கு நூறு வெற்றி என்று வாசலில் பலகை வைத்தார்கள். திட்டத்துக்கு முன்னால் எங்கள் அலுவலகத்தில் வீட்டில் சமைத்தவர் ஒருவர். வெற்றிக்குப் பிறகு ஒருவருமில்லை. இதைப் பலகையில் எழுத இடம் போதவில்லை போலிருக்கிறது.

மறுநாள் முதல் சமையல் இடைவேளை. மணி அடித்ததும் எல்லாருக்கும் கடைசியாக மேசையை ஒழுங்கு செய்துவிட்டு வெளியே வந்தேன். மனைவிக்குச் சுடச்சுட வாங்கிக்கொண்டு போகலாம் என்று நேரே முக்குக் கடைக்கு நடந்தேன். வரிசை தெருமுனை வரை நின்றது. எண்ணிப் பார்த்தேன். எனக்கு முன்னால் நாற்பத்தேழு பேர். அவர்களுக்கும் முன்னால் முதல் ஆளாக நின்ற பழக்க அலுவலர் திரும்பிப் பார்த்துக் கையசைத்தார்.

"வாங்க பெரியவரே, உங்க ஒருத்தரைத்தான் காணோம்னு பார்த்தோம்!"

பொட்டலம் என் கைக்கு வர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. பானையின் அடியில் கிடந்ததைச் சுரண்டிக் கட்டிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வேக வேகமாக நடந்தேன். மனைவி பிரித்து, விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"காலையில மூடி வச்சுட்டுப் போவீங்களே," என்றாள், "அது இவ்வளவு ஆறாது."

நான் உட்காரவில்லை. திரும்பிப் போக நேரமாகிவிட்டது.